ஆன்லைன் கவுன்சலிங்: முதலில் பேச ஓர் அறை பிடியுங்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். இங்கே சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். போன வருடம் ஒவ்வொரு வெள்ளியும் விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்துவிடும். யாருக்காவது பீஸ் ரேட்டை, அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியை, மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று நெஞ்சு படபடக்கும். போகப்போக எல்லா நாளும் அப்படியே ஆனது. ஒருநாள் ஹோம்வொர்க்கில் ஒரு எழுத்துத் தப்பியதற்காகப் பையனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அன்றைக்கு ராத்திரிதான் ஆள் தேட உட்கார்ந்தேன்.

தேடும்போது ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மாத்திரை எழுதுபவர் மனநல மருத்துவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பேச்சு மூலம் சிகிச்சை தருவார். அவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ-யில், பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்கலாம், தப்பில்லை. கவுன்சலர் என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தார், யாரிடம் பயிற்சி எடுத்தார் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டேன். ஒரு ஆப்பில் கிடைத்த முதல் ஆள் இரண்டு செஷனும் ‘கொஞ்சம் அனுசரித்துப் போங்க, கோயிலுக்குப் போங்க’ என்றே முடித்தார். இரண்டாவது ஆள் சென்னையிலிருந்து பேசும் ஒரு மேடம். அவரோடுதான் இன்றுவரை.

அடுத்து இடம். இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, ஆனால் எனக்கு எல்லாமே இதில்தான் இருந்தது. எங்கள் வீடு இரண்டே அறை. மொட்டை மாடிக்குப் போனால் துணி காயப்போட யாராவது வருவார்கள். முதல் செஷனில் அத்தை காதில் விழுந்துவிடுமோ என்று எல்லாவற்றுக்கும் ‘ம்ம், பரவாயில்லைங்க மேடம்’ என்றே பதில் சொன்னேன். காசு போனதுதான் மிச்சம். அப்புறம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்காவிடம் அவள் வீட்டு மாடி அறையை ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினேன். அங்கேதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதேன். அப்படி இடம் இல்லாதவர்கள் நிறுத்தி வைத்த காரில் உட்கார்ந்து பேசலாம், ஆள் இல்லாத நேரத்தில் ஆபீஸிலும் பேசலாம். இயர்போன் கட்டாயம்.

“யாருகிட்ட கண்ணு இவ்வளவு நேரம் பேசற?” என்று அத்தை கேட்டார். “தூக்கமே வரமாட்டேங்குதுங்க அத்தை, அதுக்கு ஒருத்தர்கிட்ட யோசனை கேக்கறேன்” என்றேன். அது உண்மையும்கூட. அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

முதல் செஷனில் முகவரியும், அவசரத்துக்குக் கூப்பிட ஒருவருடைய எண்ணும் கேட்பார்கள். பயப்படாமல் கொடுங்கள், தூரத்தில் இருப்பவருக்கு நமக்கு ஏதாவது ஆனால் வேறு வழியில்லை. லைன் துண்டானால் யார் யாரைக் கூப்பிடுவது என்றும் அப்போதே பேசிவிடுங்கள். எங்கள் பகுதியில் மின்சார ஷட் டவுன் உண்டு என்பதால், வீடியோ போனால் சாதாரண போன் என்று முடிவு செய்துகொண்டோம். தைராய்டும் ரத்த அளவும் பார்த்துவிட்டு வரச் சொன்னார் மேடம். தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வருமாம்.

இங்கிலீஷ் வார்த்தை தேடாதீர்கள். நான் ‘ஸ்ட்ரெஸ்’ என்றதும், “அது உடம்பில் எங்கே தெரியுது?” என்று கேட்டார். “அடிவயிற்றைப் பிசையுதுங்க, தொண்டையில் ஏதோ அடைச்ச மாதிரி இருக்குது” என்று சொன்ன பிறகுதான் பேச்சே நகர்ந்தது.

மேடம் கொடுத்த வீட்டுப்பாடத்தில் எனக்கு அதிகம் உதவியது ‘கவலை நேரம்’. சாயங்காலம் 6.30-லிருந்து 6.45 வரை உட்கார்ந்து கவலைப்பட மட்டும் நேரம். 3 மணிக்கு எழுந்தால் தலைமாட்டில் இருக்கும் நோட்டில் ஒரே வரி: ‘ஓவர்லாக் செக்ஷன் ரேட்’. மீதியைச் சாயங்காலத்துக்குத் தள்ள வேண்டும். இருபது நிமிடம் போல் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து உட்கார வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. மூன்றாவது வாரம் சாயங்காலம் நோட்டைத் திறந்தபோது, எழுதியிருந்த நாலு வரியில் மூன்றுக்குக் கவலைப்பட ஒன்றுமே இல்லை. மிச்சம் ஒன்றை மறுநாள் காலை ரேட் கார்டைப் பார்த்துச் சரி செய்தேன். வீட்டுப்பாடம் செய்யாத வாரம் செய்யவில்லை என்றே சொல்லுங்கள். ஏன் முடியவில்லை என்பதிலிருந்தே அந்த வாரப் பேச்சு தொடங்கும்.

நடுநடுவே 9 கேள்வி உள்ள ஒரு தாள் வரும், கடந்த 2 வாரம் எப்படி இருந்தது என்று. ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் வந்ததா என்பது. அதில் மட்டும் பொய் சொல்லிவிடாதீர்கள், தயவு செய்து. அந்த எண்ணம் வந்துவிட்டால் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், ராப்பகல் எந்நேரமும் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம்.

நாலைந்து செஷன் போயும் ஒன்றும் மாறவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். நல்லவர் கோபப்பட மாட்டார். வழியை மாற்றுவார், இல்லையென்றால் வேறு ஆளிடம் அனுப்புவார். செஷனைக் குறைக்கும்போதும் நம் விருப்பத்தைச் சொல்லலாம். நோட்டு காலியாகவே இருந்த ஒரு வாரம், “இனி மாதம் ஒரு தடவை போதுமா?” என்றார் மேடம். மார்ச் கணக்கு முடியட்டும் மேடம், அதுவரை இரண்டு வாரத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்றார்.