என்பிடெல் வகுப்பைப் பாதியில் விடாமல் முடிப்பது எப்படி?

இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல்லின் (NPTEL) வகுப்பில் சேர்வது எளிது. கட்டணம் இல்லை, பெயரைப் பதிந்தால் போதும். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் தொடங்கிய இத்திட்டம் 2014 முதல் சான்றிதழ் வகுப்புகளையும் நடத்திவருகிறது. ஆனால் பதிந்தவர்களில் தேர்வு மையம் வரை வருபவர்கள் சிறு பகுதியினரே. பாடம் கடினமாக இருக்கிறதென்று விலகுபவர்களைவிட, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டே கைவிடுபவர்கள்தான் அதிகம் என்பது என் கருத்து. காணொலி எங்கும் போய்விடாது என்ற நிம்மதியே இதற்கு வேர். 12 வார வகுப்பொன்றை எடுத்துக்கொண்டு, இந்த மனநிலையைச் சமாளிக்கும் வழிகளைப் பார்ப்போம்.

முதலில் உண்மையான நேரக் கணக்கு தேவை. 12 வார வகுப்பில் ஏறத்தாழ 30 மணி நேரக் காணொலி இருக்கும் என்பதால், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்று மனம் கணக்குப் போடுகிறது. குறிப்பெடுப்பதும், புரியாத இடத்தைத் திரும்பப் பார்ப்பதும், அசைன்மென்ட் செய்வதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. எந்த வேலைக்கும் ஆகும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடும் இந்தப் போக்கை கானமன், ட்வெர்ஸ்கி ஆகிய உளவியலாளர்கள் 1979இலேயே எடுத்துக்காட்டினர். 1994இல் ப்யூலர், கிரிஃபின், ராஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்று சொன்ன மாணவர்களுக்கு உண்மையில் சுமார் 56 நாள் ஆனது. ஆகவே உங்கள் ஊகத்தை நம்பாமல், முதல் வாரப் பாடத்தைத் தொடங்கும் நேரத்தையும் அசைன்மென்ட்டைச் சமர்ப்பித்து முடிக்கும் நேரத்தையும் ஒவ்வொரு அமர்விலும் தாளில் குறித்துக் கூட்டிப் பாருங்கள். வரும் எண் ஆறு மணி என்றால், மீதமுள்ள 11 வாரங்களுக்கும் அந்த ஆறு மணியைத்தான் ஒதுக்க வேண்டும்.

அடுத்து, அந்த மணிகளுக்கு நாளும் இடமும் குறியுங்கள். 'இந்த வாரம் படிப்பேன்' என்ற தீர்மானம் செயலாவது அரிது. 'செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு மேசையில் உட்காருவேன்' என்று எழுதிவைத்தால், அந்த வேளை வரும்போது 'இன்றைக்குப் படிக்கலாமா' என்ற கேள்வியே மனத்தில் எழாது. எப்போது, எங்கே, எதற்குப் பின் என்று முன்கூட்டியே முடிவு செய்பவர்கள் நினைத்ததைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

கெடு விஷயத்தில் ஒரு பொறி உண்டு. 12 வார வகுப்பில் சிறந்த எட்டு அசைன்மென்ட்களின் மதிப்பெண்ணே கணக்கில் எடுக்கப்படுகிறது என்று தெரிந்தவுடன், நான்கை விட்டுவிடலாம் என்று தோன்றும். அந்த நான்கையும் காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் வைத்திருங்கள். மூன்றாம் வாரச் சோம்பலுக்குச் செலவிட்டால், பத்தாம் வாரத்தில் உண்மையான இடைஞ்சல் வரும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. தளம் தரும் கெடுவுக்கு இரண்டு நாள் முன்பாக உங்களுக்கென ஒரு கெடு வைத்து, அதே வகுப்பில் சேர்ந்துள்ள நண்பரிடம் அதைச் சொல்லிவிடுவது நல்லது.

காணொலிக்கு உள்ளேயும் நேரம் கசிகிறது. எட்எக்ஸ் (edX) என்ற இணையவழிக் கல்வித் தளத்தின் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வின்படி, காணொலி எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் அதில் ஈடுபட்டிருக்கும் நேரத்தின் நடு மதிப்பு (median) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. என்பிடெல் விரிவுரையோ பெரும்பாலும் அரை மணி ஓடும். எனவே அதை நீங்களே துண்டாக்குங்கள். தேடல் முறைகள் பற்றிய விரிவுரை என்றால், ஏழாம் நிமிடத்தில் நிறுத்தி, திரையைப் பார்க்காமல், வரிசைப்படுத்திய எட்டு எண்களைத் தாளில் எழுதி, பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் இரும வழித் தேடலில் (binary search) ஒவ்வொரு படியிலும் எந்தப் பாதி கழிகிறது என்று குறியுங்கள். கை தடுமாறும் இடத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். விரிவுரைக்கு நடுவே இப்படிச் சிறு சோதனைகள் வைத்தால் மனம் அலைவது குறைகிறது என்று 2013இல் ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகியோர் கண்டறிந்தனர். இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதை நான் முற்றிலும் தவறென்று சொல்லமாட்டேன். மிச்சமாகும் நேரத்தை இந்தப் பயிற்சிக்குக் கொடுத்தால் அது பலன் தரும்.

மீள்பார்வையைக் கடைசி வாரத்துக்குக் குவித்து வைக்காதீர்கள். ரோடிகர், கார்ப்பிக் ஆகியோரின் 2006 ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழித்தோ, தம்மைத் தாமே சோதித்துக்கொண்டவர்கள் அவர்களை முந்தினர். தேர்வு சில நாளில் என்றால் ஓரிரு நாள் இடைவெளியிலும், இரண்டு மாதம் தள்ளியிருந்தால் இரண்டு, மூன்று வார இடைவெளியிலும் பழைய அசைன்மென்ட்களை விடையைப் பார்க்காமல் மீண்டும் செய்யுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒரு வாரம் தவறிப்போகலாம். அப்போது விட்ட இடத்திலிருந்து வரிசையாகத் துரத்தினால் நடப்பு வாரத்தின் கெடுவும் கைநழுவும். நடப்பு வார அசைன்மென்ட்டை முதலில் எடுத்து, அதற்கு அவசியமான பழைய பகுதியை மட்டும் பார்த்துச் சமர்ப்பித்துவிட்டு, மீதியை அடுத்த இரு வாரங்களில் ஓர் அமர்வு வீதம் கூட்டி ஈடுகட்டுங்கள்.