14 வயதில் 6 அடி: இளம் கூடைப்பந்து வீரர்களைத் தேர்வதிலும் வளர்ப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார்ப் பக்கத்துப் பள்ளி கிரவுண்டுகளில் 14 வயதிலேயே 6 அடியைத் தொட்டுவிடும் பையனுக்கு இடம் அன்றே முடிவாகிவிடுகிறது: ரிங்குக்குக் கீழே. பந்து வந்தால் பிடி, திரும்பிப் போடு. டிரிபிள் செய்யாதே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நகராதே), வெளியே நின்று ஷாட் எடுக்காதே. ஜில்லா போட்டிகளில் இது கப் வாங்கித் தரும். நாலு வருஷம் கழித்து அதே பையன் கோயம்புத்தூரில் கல்லூரி செலக்‌ஷனுக்குப் போகும்போது உயரம் 6 அடி 1 அங்குலத்தில் நின்றிருக்கும். அங்கே ரிங்குக்குக் கீழே அவனைவிட 4 அங்குலம் கூடியவர்கள் நிற்பார்கள். அவன் உயரத்துக்கு இனி கார்டாகத்தான், அதாவது வெளியே நின்று பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவனாகத்தான், ஆட முடியும். கார்டின் வேலையோ அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நம் பக்கத்தில் அதிகம் நடப்பதும், அதிகம் கெடுப்பதும் இந்தத் தவறுதான்.

பையன்கள் வேகமாக உயர்வது சராசரியாக 13½, 14 வயதில். பெண்கள் 12 வயது வாக்கில். சிலருக்கு இது இரண்டு வருஷம் முந்திவிடும். முந்தியவன் முந்தியே நின்றும்விடுவான். ஆகவே இன்றைய உயரத்தைப் பார்க்காதீர்கள். அப்பா, அம்மா உயரத்தைச் செ.மீ.யில் கூட்டி, பையனென்றால் 13 சேர்த்து, பெண்ணென்றால் 13 கழித்து, இரண்டால் வகுங்கள். 8, 9 செ.மீ. முன்பின் இருக்கலாம், ஆனாலும் கண்மதிப்பைவிட மேல். 3 மாதத்துக்கு ஒரு முறை, காலை நேரத்தில், வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி அளந்து தேதியோடு எழுதுங்கள். கைகளை விரித்த நீளத்தையும் அளப்பது அவசியம். 16 வயதுவரை எல்லாரும் எல்லாம் படிக்க வேண்டும்: இரண்டு கையிலும் லே-அப் (ஓடிவந்து ரிங்குக்குப் பக்கத்தில் போடுவது), தலை நிமிர்ந்த டிரிபிள், ஓடிக்கொண்டே பாஸ், ஜம்ப் ஷாட். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் அணிகள் வருஷாவருஷம் புது வீரர்களை முறைபோட்டு எடுக்கும் டிராஃப்டில், 2012-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஆன்டனி டேவிஸ் பள்ளியில் கார்டாக ஆடியவர். பிறகுதான் 6 அடி 10 அங்குலத்துக்கு வளர்ந்தார். பந்தைக் கையாளத் தெரிந்த பெரிய ஆளாக அவரை ஆக்கியது அந்தக் கார்டு வருஷங்கள்தான்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: 10 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்கள் ஆடும் 7-ஆம் நம்பர் பந்தும் 3.05 மீட்டர் ரிங்கும். எட்டாது, அதனால் இடுப்பிலிருந்து இரண்டு கையால் தூக்கி எறியும். அந்தப் பழக்கம் பின்னால் போகாது. மினி கூடைப்பந்துக்கு 5-ஆம் நம்பர் பந்து, 2.60 மீட்டர் ரிங். இருக்கும் கம்பத்திலேயே கீழே இன்னொரு ரிங் வைத்தால் போதும்.

பணமும் டாக்டர்களும் நிறைந்த என்.பி.ஏ. அணிகளும் இன்றைய தேவையை மட்டும் பார்த்து ஆளை எடுத்துச் சறுக்கியிருக்கின்றன. 1984-இல் போர்ட்லண்ட் அணியிடம் கார்டாகக் கிளைட் டிரெக்ஸ்லர் இருந்தார். அதே இடத்துக்கு இன்னொருவர் எதற்கு, சென்டர்தான் (ரிங்குக்குக் கீழே ஆடும் உயரமான ஆள்) வேண்டும் என்று 2-ஆம் தேர்வில் சாம் பூயியை எடுத்தது. கால் எலும்புக் காயத்தால் கல்லூரியில் முழுதாக 2 சீசன் ஆடாதவர் அவர். அடுத்த தேர்வில் மைக்கேல் ஜோர்டன் சிகாகோவுக்குப் போனார். முதல் சுற்றில் எடுத்த வீரரின் ஒப்பந்தம் 2 வருஷம் உறுதி, அதற்குமேல் 2 வருஷம் அணியின் விருப்பம். அந்த 4 வருஷத்துக்குள் அணியின் ஓட்டைகள் எல்லாம் இடம் மாறிவிடும். இரண்டு பேர் கிட்டத்தட்ட சமம் என்றால் மட்டும் தேவையைப் பார்க்கலாம்.

தேவையை அடியோடு மறப்பதும் ஆகாது. பிலடெல்பியா 2013, 2014, 2015 மூன்று டிராஃப்டிலும் சென்டர்களையே கொண்டுவந்தது: நெர்லென்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஓகஃபோர். எம்பீட் நிலைத்தார். மற்ற இருவரும் ஆடக் கிடைத்த நேரம் சுருங்கி, மதிப்பும் இறங்கி, சொற்பத்துக்குக் கைமாறினார்கள்.

எடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. 2003-இல் டெட்ராய்ட் 2-ஆம் தேர்வில் எடுத்த டார்கோ மிலிசிச்சுக்கு வயது 18. அணியோ கோப்பை வெல்லும் அணி, 2004-இல் வென்றது. முதல் சீசனில் அவர் ஆடியது 34 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 5 நிமிடம்கூட இல்லை. 2013-இல் மில்வாக்கி 15-ஆம் தேர்வில் எடுத்த யானிஸ் அன்டெடோகும்போவுக்கும் 18 வயதுதான், கிரீஸின் இரண்டாம் டிவிஷனில் ஆடியவர். முதல் சீசனிலேயே 77 ஆட்டங்களில் இறங்கினார், சராசரி 24 நிமிடத்துக்கு மேல். அணி 15 ஆட்டங்களே ஜெயித்தது. ஆனால் பந்தை அவர் கையில் கொடுத்துத் தப்பு செய்யவிட்டார்கள். 2021 கோப்பை அங்கிருந்து வந்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் நிமிடங்களால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் 18 வயதில் பெஞ்சில் இருப்பவன் முடிவெடுக்கப் பழகமாட்டான், அது நிச்சயம். மேல் அணியில் இடமில்லையா, என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்குக்கு அனுப்பி வாரம் 3 ஆட்டம் ஆடவிட வேண்டும். நம் ஊரிலும் அப்படியே: 15 வயதுக்காரனை சீனியர் அணியில் சேர்த்து 2 நிமிடம் இறக்குவதைவிட, அவன் வயது அணியில் 25 நிமிடம் ஆடவிடுங்கள்.

வருங்கால டிராஃப்ட் தேர்வுகளை வயதான நட்சத்திரங்களுக்கு விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புரூக்ளின் 2013-இல் கெவின் கார்னெட், பால் பியர்ஸுக்காக பாஸ்டனிடம் கொடுத்த தேர்வுகளின் வழியாகத்தான் பின்னால் நட்சத்திரங்களான ஜெய்லன் பிரவுனும் ஜேசன் டேட்டமும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

எல்லையில் இருப்பதால் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வாரநாளில் பாலக்காட்டுப் பள்ளி அணி, மாலையில் கிளப், சனி ஞாயிறு பொள்ளாச்சியிலோ கோயம்புத்தூரிலோ டோர்னமென்ட். மூன்று கோச், ஒருவருக்கு மற்றவர் கொடுத்த வேலை தெரியாது. எல்லாம் சிமென்ட் தரை. வேகமாக வளரும் மாதங்களில் முழங்காலுக்குக் கீழே, எலும்பு முண்டாக இருக்கும் இடத்தில் வலி வருவது இப்படித்தான். தொடைத் தசைநார் வளரும் எலும்பை இழுக்கும் வலி அது. தைலம் தடவி ஆடவைத்தால் மாதக்கணக்கில் நீளும். 3 மாத அளவில் 2 செ.மீ.க்கு மேல் ஏறியிருந்தால் குதிக்கும் பயிற்சியைப் பாதியாக்கி, அந்த நேரத்தை ஷாட்டுக்கும் பாஸுக்கும் கொடுங்கள். வாரம் ஒரு நாள் பந்தே தொடக்கூடாது. பையன் பையில் ஒரு நோட்டு இருக்கட்டும்: தேதி, எந்த அணி, எத்தனை நிமிடம், எங்கே வலி. வார்ம்-அப்புக்கு முன்னால் மூன்று கோச்சும் அதைப் பார்க்க வேண்டும்.