டன் என்றால் எத்தனை கிலோ? துறைமுகப் பக்கம் வேலைக்கு வரும் புதியவர்களுக்கு

சென்னையில் மணலி, திருவொற்றியூர், மாதவரம் பக்கம் சி.எஃப்.எஸ்.சிலோ (கண்டெய்னர் சரக்கை ஏற்றி இறக்கும் கிடங்கு) லாரி புக்கிங் ஆபீசிலோ புதிதாகச் சேருகிறீர்களா? முதல் வாரத்திலேயே 'டன்' உங்கள் கைக்கு வந்துவிடும். எடைச் சீட்டில் டன், இன்வாய்ஸில் டன், கப்பல் விவரத்திலும் டன். எல்லா இடத்திலும் ஆயிரம் கிலோ என்று பெருக்கிவிட்டால் கணக்கு இடிக்கும். கீழே உள்ள வரிசையிலேயே பழகுங்கள்.

படி 1: எடைச் சீட்டைப் படியுங்கள்

நம் நாட்டில் டன் என்றால் மெட்ரிக் டன், அதாவது 1,000 கிலோ, 10 குவிண்டால். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த பிறகு உள்ளூர் எடைமேடையில் வேறு டன்னுக்கு இடமில்லை.

சீட்டில் எடை கிலோவில்தான் வரும். லோடு வண்டி 41,260, காலி வண்டி 14,830 என்றால் வித்தியாசம் 26,430 கிலோ. இது 26.43 டன். வாயால் சொல்லும்போது '26 டன் 430 கிலோ' என்று சொல்லுங்கள். '26 டன் 43 கிலோ' என்று போனில் சொல்லிவிட்டால் அந்த இடத்திலேயே 387 கிலோ காணாமல் போகும். புள்ளிக்குப் பின்னால் எப்போதும் மூன்று இலக்கம் எழுதுங்கள்: 26.430.

படி 2: எந்த நாட்டு டன் என்று பாருங்கள்

டன் மூன்று வகை. மெட்ரிக் டன் 1,000 கிலோ. பழைய பிரிட்டிஷ் 'லாங் டன்' 2,240 பவுண்டு, ஏறக்குறைய 1,016 கிலோ. அமெரிக்க 'ஷார்ட் டன்' 2,000 பவுண்டு, ஏறக்குறைய 907 கிலோ. ஆங்கிலத்தில் கடைசியில் 'என்.என்.இ.' என்று முடிந்தால் அது மெட்ரிக். வெறுமனே 'டி.ஓ.என்.' என்று மூன்றெழுத்து மட்டும் இருந்து, சரக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்தால் உடனே கேட்டுவிடுங்கள். 20 ஷார்ட் டன் சரக்கு நம் எடைமேடையில் 18,144 கிலோதான் காட்டும். சரக்கு குறைந்துவிட்டது என்று டிரைவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பது நியாயமில்லை.

படி 3: கண்டெய்னர் கதவில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

இதைவிட நல்ல பாடம் கிடையாது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் பின்கதவைப் பாருங்கள். வலப்பக்கக் கதவில் நாலு வரி இருக்கும். 'மேக்ஸ் கிராஸ்' என்பது பெட்டியும் சரக்கும் சேர்ந்து தாங்கும் உச்ச எடை. 'டேர்' வெறும் பெட்டியின் எடை. 'நெட்' ஏற்றக்கூடிய சரக்கு. கடைசி வரி உள்ளே இருக்கும் இடம், கன மீட்டரில்.

பல பெட்டிகளில் மேக்ஸ் கிராஸ் 30,480 கிலோ என்று இருக்கும். 30,000 என்று முழுசாக வைக்காமல் இதென்ன எண்? பக்கத்திலேயே பவுண்டு இருக்கும்: 67,200. அதை 2,240-ஆல் வகுங்கள். சரியாக 30. அந்தக் காலத்து லாங் டன் இன்றைக்கும் கதவில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது படி 1-இன் சீட்டுக்கு வாருங்கள். அது கண்டெய்னர் வண்டி, காலி வண்டியைப் பெட்டி இல்லாமல் எடை போட்டார்கள் என்றால், 26,430 கிலோவில் பெட்டியும் அடக்கம். டேர் 2,230 என்றால் சரக்கு மட்டும் 24,200 கிலோ. ஏற்றுமதிப் பெட்டிக்குக் கேட்கிற 'வி.ஜி.எம்.' (சரிபார்த்த மொத்த எடை) கணக்கில் பெட்டியையும் சேர்த்து 26,430 என்றுதான் கொடுக்க வேண்டும். 2016 ஜூலை 1 முதல் இது இல்லாமல் பெட்டி கப்பலேறக் கூடாது என்பது சர்வதேச விதி. கப்பலில் அடுக்கும்போது கனமான பெட்டி மேலே போய்விட்டால் ஆட்களின் உயிருக்கு ஆபத்து. அதனால் இந்த ஒரு எண்ணில் மட்டும் தோராயம் வேண்டவே வேண்டாம்.

படி 4: எடையே இல்லாத டன்

கப்பல் விவரத்தில் 'டெட்வெயிட்' என்று வருவது எடைதான்: சரக்கு, எண்ணெய், தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்த்துக் கப்பல் சுமக்கக்கூடியது. அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டு காமராஜர் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 'கிராஸ் டன்னேஜ்' வேறு. அது கப்பலின் உட்புறக் கொள்ளளவை வைத்துப் போடும் எண். கிலோவாக மாற்றவே முடியாது. பழைய ரெஜிஸ்டர் டன் என்பது 100 கன அடி இடம். நாம் மணலை 'யூனிட்' கணக்கில் வாங்குகிறோமே, அதே 100 கன அடி. டன் என்ற பேரே திராட்சை மது அடைத்த பெரிய பீப்பாயிலிருந்து வந்தது. கப்பலில் எத்தனை பீப்பாய் அடங்கும் என்றுதான் அன்று எண்ணினார்கள்.

எல்.சி.எல். சரக்குக்கு, அதாவது பலர் சரக்கோடு ஒரே பெட்டியில் சேர்ந்து போகும் சரக்குக்கு, வாடகை போடும்போது இது நேராகப் பணத்தில் தெரியும். அங்கே ஒரு டன் எடை, ஒரு கன மீட்டர் இடம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். 300 கிலோ ஃபோம் மெத்தை 4 கன மீட்டர் இடம் பிடித்தால் வாடகை 4 டன்னுக்கு. பார்ட்டி வாதாடுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

படி 5: 'எம்.டி.' என்ற இரண்டெழுத்து

இன்வாய்ஸில் எம்.டி. என்றால் மெட்ரிக் டன். யார்டு பட்டியலில் அதே எம்.டி. காலிப் பெட்டியைக் குறிக்கும், எம்ட்டி. '20 எம்.டி.' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் 20 டன் சரக்கா, இருபதடிக் காலிப் பெட்டியா என்று கேட்காமல் வண்டி அனுப்பாதீர்கள்.

மீதி மூன்று

ஏ.சி.யின் ஒன்றரை டன் அதன் எடை இல்லை. ஒரு ஷார்ட் டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன் ஒரு டன், மணிக்கு 12,000 பி.டி.யு. ஒன்றரை டன்னுக்கு 18,000. ஆங்கில கிரிக்கெட் செய்தியில் ஒருவர் 'டன்' அடித்தார் என்றால் சதம். இலங்கைத் தமிழ்ச் செய்தியில் 'தொன்' என்று வந்தால், அது நம் டன்தான்.