எந்தச் சாப்பாடு சர்க்கரையை ஏற்றுகிறது? குளுக்கோமீட்டரை வைத்து வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த மறுநாளே ஆளுக்கொரு பட்டியல் கொடுப்பார்கள். அரிசி கூடாது, கேழ்வரகு நல்லது, ஓட்ஸ் நல்லது. நான் பட்டியலை விட்டுவிட்டு என் தட்டையே அளக்க ஆரம்பித்த பிறகுதான் சர்க்கரை பிடிக்குள் வந்தது. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ், எனக்கு இட்லியை விட அதிகமாக ஏற்றுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

இந்த நோயின் வேர் இன்சுலின் எதிர்ப்பு. அதாவது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சுரந்தும் தசையும் ஈரலும் அதற்குச் சரியாக இணங்காத நிலை. தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை மெதுவாக எடுக்கும். ஈரலோ நிறுத்த வேண்டிய நேரத்திலும் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்.

தொடங்கும் முன்

கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் சோற்றையோ இட்லியையோ குறைக்காதீர்கள். மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். மீட்டரில் 70க்கு (mg/dL) கீழே போனால் உடனே 15 கிராம் குளுக்கோஸ் அல்லது சர்க்கரை, அதாவது சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

படி 1: கருவி

மீட்டரின் விலையைப் பார்க்காதீர்கள், ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள். உங்கள் தெரு மருந்துக்கடையில் எந்த ஸ்ட்ரிப் எப்போதும் கிடைக்கிறதோ அந்த மீட்டரே போதும். போன் ஆப் வேண்டாம். கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்குங்கள். ஆப்பில் எண்ணைப் பார்ப்பதோடு நின்றுவிடுவோம். நோட்டில் "கல்யாண வீடு, தூக்கம் இல்லை" என்று ஓரத்தில் எழுத இடம் இருக்கும்.

படி 2: அளப்பது

ஒரே காலை உணவை எடுத்துக்கொள்ளுங்கள். 3 இட்லி, ஒரு கரண்டி சாம்பார் என்றால் அதே அளவு. சாப்பிடும் முன் ஒரு முறை, 2 மணி நேரம் கழித்து ஒரு முறை பாருங்கள்.

இந்த 2 மணி நேரத்தில்தான் பலருக்கும் கணக்கு தப்புகிறது. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். நிதானமாகச் சாப்பிட்டு, பேசி, காபியும் குடித்து எழுந்தால் அரை மணி நேரம் ஓடியிருக்கும். அதிலிருந்து எண்ணினால் சர்க்கரை இறங்கிய பிறகு அளப்பீர்கள். முதல் வாய்க்கு முன் போனில் அலாரம் வைத்துவிடுங்கள். அந்தக் காபியும் சாப்பாட்டோடு சேர்ந்ததுதான். இடையில் தனியாகக் குடித்தால் அன்றைய கணக்கை விட்டுவிடுங்கள்.

அப்புறம் கை. மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். நடுவில் குத்தினால் வலி அதிகம்.

நல்ல மீட்டருக்கே 15 சதவீதம் வரை முன்பின் காட்ட அனுமதி உண்டு. 178, 186 என்பதையெல்லாம் வித்தியாசமாக எடுத்துக்கொண்டு கவலைப்படாதீர்கள். அதே சாப்பாட்டை வேறு வேறு நாட்களில் அளந்து பாருங்கள்.

படி 3: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

முதலில் வரிசை. சுண்டலோ முட்டையோ பொரியலோ முதலில், இட்லி கடைசியில். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் இரைப்பை மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். அடுத்த வாரம் சாப்பிட்டதும் 15 நிமிட நடை; நடக்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்துதான் இட்லியின் எண்ணிக்கை. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதம் கூட்டும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பெரும்பாலான பெரியவர்களுக்கு இலக்கு சாப்பிடும் முன் 80–130, பின் 180க்குள். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது மாறும்.

பிற்சேர்க்கை: "ராத்திரி சாப்பிடாமலே படுத்தேன், காலையில் 160"

இதைப் பலர் கேட்டுவிட்டார்கள். விடியற்காலையில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஈரலைச் சர்க்கரை வெளியேற்றச் சொல்கின்றன. இன்சுலின் எதிர்ப்பு இருக்கும் ஈரல் அதை அடக்குவதில்லை. இதற்குப் பட்டினி மருந்தல்ல. ஈரலில் படிந்த கொழுப்பு குறைய வேண்டும், அதற்கு எடை குறைய வேண்டும். பிரிட்டனில் 2017இல் வெளியான டைரக்ட் (DiRECT) என்ற ஆய்வில், மருத்துவக் கண்காணிப்போடு எடை குறைத்த குழுவில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அவர்கள் எல்லோரும் நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்கள். ஆகவே புதிதாகத் தெரிய வந்தவர்கள் தள்ளிப்போடாதீர்கள். இடுப்புச் சுற்றளவையும் நோட்டில் எழுதுங்கள்: நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. அடுத்த முறை ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முடிவோடு அந்த நோட்டையும் மருத்துவரிடம் கொடுங்கள். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும்.