பரிசு வாங்கும் குதிரையின் காலை எப்படிப் பார்ப்பது

டென்னசி வாக்கிங் என்கிற அமெரிக்கக் குதிரை இனத்தின் போட்டிக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் முன்னங்காலைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். குதிரை பின்னங்கால்களை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டு, பாதி உட்கார்ந்த மாதிரி, முன்னங்கால்களை மட்டும் ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு நேரே வீசி வீசிப் போகும், கூட்டம் எழுந்து நின்று கத்தும். இந்த நடைக்கு 'பிக் லிக்' என்று பெயர். முன்னங்குளம்புகளுக்கு அடியில் அரைச் சாண் உயரத்துக்குக் கட்டை மாதிரி ஏதோ இருந்தது. எனக்குப் பொய்க்கால் குதிரை ஆட்டம்தான் ஞாபகம் வந்தது, என்ன, இங்கே பொய்க்கால் குதிரைக்கே. அதை எதற்குக் கட்டுகிறார்கள் என்று விசாரிக்கப் போய்த்தான் மற்றதெல்லாம் தெரிய வந்தது.

அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தப் போட்டிகளுக்குப் போகிறவர்கள், பிள்ளைகளைக் குதிரையேற்றத்தில் சேர்க்க நினைப்பவர்கள், இந்த இனத்தில் ஒரு குதிரை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், உங்களுக்காகத்தான் இது. வலியால் வந்த நடையை எப்படி அடையாளம் காண்பது, சந்தேகம் வந்தால் என்ன செய்வது, சட்டம் எதைப் பிடிக்கும், எதைக் கோட்டைவிடும் என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

இந்த நடைக்காகக் குதிரையின் காலை வேண்டுமென்றே புண்ணாக்குவதற்கு 'சோரிங்' என்று பெயர், முதலில் அது என்ன என்று பார்த்துவிடலாம். குளம்புக்குச் சற்று மேலே, கணுவுக்குக் கீழே, சரிவாக ஒரு குட்டைப் பகுதி இருக்கும், அதைப் பாஸ்டர்ன் என்பார்கள். அங்கே கடுகு எண்ணெய், டீசல், மண்ணெண்ணெய் போல எரிச்சல் தருகிற எதையாவது தடவி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, கட்டுப் போட்டு நாள் கணக்கில் ஊற விடுவார்கள். தோல் வெந்துபோகும். அப்புறம் அந்த வெந்த இடத்தில் சங்கிலி மாட்டி ஓட்டினால், ஒவ்வொரு அடிக்கும் சங்கிலி புண்ணில் போய் மோதும், குதிரை காலைத் தரையில் வைக்கவே பயந்து வெடுக்கென்று உயரத் தூக்கும். அந்தத் தூக்கலுக்குத்தான் பரிசு. இன்னொரு வழி குளம்பிலேயே கைவைப்பது: உயிர்ச்சதை தட்டுகிற அளவுக்குக் குளம்பைச் சீவி லாடம் அடிப்பார்கள், அல்லது லாடத்துக்கும் பாதத்துக்கும் நடுவில் கடினமான ஏதாவது ஒன்றைத் திணித்துவிடுவார்கள். செருப்புக்குள் கூழாங்கல்லைப் போட்டு வாரை இறுக்கி, நாள் முழுக்க நடக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் வேலை, நல்ல நடை எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்குவது. இந்த இனத்துக்கு இயற்கையாகவே 'ரன்னிங் வாக்' என்று ஒரு நடை உண்டு, யாரும் அடித்துச் சொல்லித்தர வேண்டியதில்லை, குட்டியிலேயே வந்துவிடும். நான்கு காலும் தனித்தனித் தாளத்தில் விழும், பின்னங்கால் முன்னங்கால் பதிந்த தடத்தையும் தாண்டிப் போய் விழும், தலை அதற்கேற்ப மேலும் கீழும் ஆடும். மேலே உட்கார்ந்திருப்பவர் கொஞ்சமும் குலுங்க மாட்டார். சாதாரண லாடம் மட்டும் போட்ட குதிரைகளுக்கென்று 'ஃபிளாட் ஷாட்' பிரிவுகள் தனியாக நடக்கும். அவற்றை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் பிக் லிக் பிரிவுக்குப் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். (ஃபிளாட் ஷாட் என்றாலே சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம், அங்கேயும் லாடத்தில் வேலை காட்டுகிறவர்கள் உண்டு.)

அடுத்தது, என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்: குதிரை ஓடும்போது பார்க்காதீர்கள், நிற்கும்போது பாருங்கள். போட்டி வளையத்துக்குள் விளக்கு, இசை, கைதட்டல், கடிவாளத்தின் அழுத்தம் எல்லாம் சேர்ந்து பாதியை மறைத்துவிடும். வார்ம்-அப் மைதானத்தின் ஓரத்திலோ, டிரெய்லரிலிருந்து இறக்குகிற இடத்திலோ போய் நில்லுங்கள். வலியில்லாத குதிரை நான்கு கால்களிலும் எடையைப் பகிர்ந்து, ஒரு பின்னங்காலை லேசாகத் தளர்த்திக்கொண்டு, சோம்பேறித்தனமாக நிற்கும். முன்னங்கால் வலிக்கிற குதிரை நான்கு கால்களையும் ஒரே இடத்தில் குவித்து, பின்னங்கால்களைத் தனக்கு அடியில் நகர்த்தி, எடையை முழுக்கப் பின்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். இல்லாவிட்டால் இரண்டு முன்னங்கால்களையும் மாறி மாறித் தூக்கும். இழுத்தால்தான் நகரும். லாயத்தில் பகலெல்லாம் படுத்தே கிடக்கும், காலைத் தொட யார் வந்தாலும் பின்வாங்கும்.

நான் பார்த்த ஒரு கருங்குதிரையைச் சொல்கிறேன். வளையத்துக்குள் ரிப்பன் வாங்கிவிட்டு வெளியே வந்தது. மேலே இருந்தவர் இறங்கியதும் டிரெய்லர் வரைக்கும் இருந்த இருபது முப்பது அடி சரளைக்கல் பாதையைக் கடக்க அது பட்ட பாடு இருக்கிறதே, ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணி வைத்தது, சூடான மணலில் வெறுங்காலோடு நடக்கிறவர் மாதிரி. ஐந்து நிமிடம் முன்னால்தான் அதே காலை நெஞ்சுக்கு வீசியது.

ஒரு கால் மட்டும் நொண்டினால் அது பெரும்பாலும் சாதாரண அடியோ சுளுக்கோவாக இருக்கும். இரண்டு முன்னங்காலும் ஒரே மாதிரி, ஒரே இடத்தில் கூசினால்தான் சந்தேகம். சட்டமும் இதையேதான் சொல்கிறது: இரு முன்னங்கால்களிலோ இரு பின்னங்கால்களிலோ இயல்புக்கு மீறிய கூச்சமோ அழற்சியோ இருந்தால் அந்தக் குதிரை சோரிங் செய்யப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்று காட்டுவது எதிர்த்தரப்பின் பாடு.

பாஸ்டர்னைப் பக்கத்தில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் முடியைக் கவனியுங்கள். ரசாயனம் பட்டு ஆறிய இடத்தில் முடி உதிர்ந்திருக்கும், அல்லது சுருண்டு அலை அலையாக முளைத்திருக்கும். பின்பக்கத்து மடிப்பில் தோல் தடித்து வரிவரியாக இருக்கும். வடுவை மறைக்க சாலிசிலிக் அமிலம் போட்டுத் தோலையே உரித்தெடுப்பதும் நடக்கிறது, அந்த வலி சோரிங் வலிக்குக் குறைந்ததில்லை. ஸ்கார் ரூல் என்று ஒரு விதி இருக்கிறது. 1975 அக்டோபர் 1 முதல் பிறந்த குதிரைகளுக்கு, அதாவது இன்றைக்கு இருக்கிற எல்லாக் குதிரைகளுக்கும், இப்படிப்பட்ட வடுக்கள் இரண்டு காலிலும் இருந்தாலே அது சோரிங் செய்யப்பட்ட குதிரைதான்.

வாங்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் நல்லது, கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விற்பவரின் மருத்துவரை நம்பாமல் நீங்களே ஒரு குதிரை மருத்துவரைக் கூட்டிப் போங்கள். லாடத்தையும் கட்டைகளையும் கழற்றச் சொல்லுங்கள், குளம்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், எல்லாம் கழற்றிய பிறகு கடினமான தரையில் நடத்திப் பாருங்கள். 'இப்போது கழற்றினால் ஷோ கெட்டுப்போகும்' என்று இழுத்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம். பிள்ளையைச் சேர்க்க ஒரு பயிற்சி லாயத்துக்குப் போனாலும் இதே கண்தான்: கால் முழுக்கத் துணிக்கட்டோடு நிற்கிற குதிரைகள் எத்தனை, எந்த அறைகளுக்கு மட்டும் உங்களை விடவில்லை, முன்சொல்லாமல் வரலாமா என்று கேட்டால் முகம் எப்படிப் போகிறது, பாருங்கள்.

போட்டிக்கு முன்னால் பரிசோதனை உண்டே, அதில் மாட்டாதா என்று கேட்பீர்கள். பரிசோதிப்பவர் பாஸ்டர்னைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார், குதிரையைக் கூம்புகளைச் சுற்றி நடக்க வைத்துப் பார்ப்பார். இதற்கும் வித்தை வைத்திருக்கிறார்கள். மரத்துப்போகும் மருந்தைத் தடவி, அதன் வீரியம் பரிசோதனை வரைக்கும் மட்டும் இருக்கும்படி நேரம் பார்த்து அழைத்து வருவார்கள். இன்னொன்று 'ஸ்டூவர்டிங்': லாயத்திலேயே பரிசோதனை மாதிரி நடத்தி, காலை அழுத்தும்போது குதிரை அசைந்தால் தலையில் அடிப்பது. அசைந்தால் இன்னும் பெரிய வலி வரும் என்று அதற்குப் புரிந்த பிறகு, நிஜமான பரிசோதகர் முன்னால் சிலை மாதிரி நிற்கும். அதனால் அழுத்தும்போது காலை மட்டும் பார்க்காமல் கண்ணையும் காதையும் பாருங்கள். கால் அசையாமல் தலை மட்டும் விறைத்து, கண் பிதுங்கினால் ஏதோ இருக்கிறது.

பரிசோதகர் யார் என்பதும் ஒரு கதை. பல காலமாக இந்த வேலையைச் செய்தவர்கள் டிக்யூபி எனப்படும், குதிரைத் துறையின் சொந்த அமைப்புகள் உரிமம் கொடுத்து நியமிக்கிற ஆட்கள். அவர்களில் பலரே குதிரைகளைப் போட்டிக்குக் கொண்டுவருகிறவர்கள். பாலுக்குப் பூனை காவல். அமெரிக்க விவசாயத் துறையின் தணிக்கைப் பிரிவே 2010-இல் இந்த ஏற்பாடு சரிப்படாது என்று எழுதியது.

இப்போது சட்டத்துக்கு வருவோம், புகார் எழுதும்போது இது உதவும். குதிரைப் பாதுகாப்புச் சட்டம் 1970-இல் வந்தது, மேரிலாந்து செனட்டர் ஜோசப் டைடிங்ஸ் கொண்டுவந்து நிக்சன் கையெழுத்துப் போட்டது, 1976-இல் திருத்தினார்கள். அது தடுப்பது என்னவென்றால், சோரிங் செய்த குதிரையைப் போட்டியில் இறக்குவது, விற்பது, ஏலம் விடுவது, அதற்காக ஏற்றிச் செல்வது, உரிமையாளர் இதையெல்லாம் அனுமதிப்பது. கவனித்தீர்களா, லாயத்துக்குள் வைத்து அமிலம் தடவுகிற செயல் இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதற்கு மாநிலச் சட்டத்தைத்தான் பிடிக்க வேண்டும். டென்னசியின் விலங்குவதைச் சட்டம் போட்டிக்காகக் குதிரையின் காலைப் புண்ணாக்குவதைப் பெயர் சொல்லியே குற்றம் என்கிறது. மத்தியச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு 3,000 டாலர் வரை அபராதமும் 1 வருடம் வரை சிறையும், போட்டிகளில் கலந்துகொள்ள முதல் தடவை குறைந்தது 1 வருடமும் அடுத்த தடவை குறைந்தது 5 வருடமும் தடை விதிக்கலாம். சங்கிலியும் கட்டையும் சட்டப்படி குற்றமில்லை, 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம் வரை சங்கிலி போடலாம். ஆகவே 'சங்கிலி போட்டிருந்தார்கள்' என்று மட்டும் புகார் எழுதினால் அது குப்பைக்குத்தான் போகும்.

புகாரை விவசாயத் துறையின் ஏஃபிஸ் (APHIS) பிரிவுக்கு அதன் தளத்தில் போடலாம், பெயர் சொல்லாமலும் போடலாம். கோபத்தைக் கொட்டாமல், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். இப்படி: 'சனிக்கிழமை மாலை 6.40, வார்ம்-அப் மைதானத்தின் வடக்கு வாசல். எண் 214 பட்டை கட்டிய ஆள் ஓட்டிய கருப்பு ஆண்குதிரை, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. நின்றபோது நான்கு கால்களையும் குவித்து எடையைப் பின்னால் வைத்திருந்தது. இரு முன் பாஸ்டர்னிலும் பின்பக்கம் முடியில்லை. டிரெய்லருக்கு நடக்க மூன்று தடவை மறுத்தது. 40 விநாடி வீடியோ இருக்கிறது.' போட்டியின் பெயர், ஊர், தேதி, டிரெய்லரின் எண் பலகை இவற்றையும் சேருங்கள். சோரிங் என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அது அவர்கள் வேலை. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அரசுக் கால்நடை மருத்துவர் அங்கே இருந்தால் உடனே அவரிடம் போய்ச் சொல்வது எல்லாவற்றையும் விட நல்லது, ஏனென்றால் ஒரு வாரம் கழித்துக் கூச்சத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. லாயத்தில் நடந்ததைப் பார்த்திருந்தால் உள்ளூர் ஷெரிஃபுக்கும் சொல்லுங்கள்.

அடுத்தவர் குதிரையைத் தொடாதீர்கள், வேலி தாண்டி லாயத்துக்குள் போகாதீர்கள், பயிற்சியாளரிடம் நேராகப் போய் சண்டை போடாதீர்கள். வீடியோவை முதலில் சமூக ஊடகத்தில் போடுவதும் தப்பு, அன்று ராத்திரியே குதிரை இடம் மாறிவிடும்.

புகாரால் ஏதாவது ஆகுமா? ஆனதும் உண்டு. 2006-இல், டென்னசியின் ஷெல்பிவில்லில் நடக்கிற தேசியப் போட்டியில் (1939-இலிருந்து நடக்கிறது, இந்த இனத்துக்கு அதுதான் திருவிழா) பரிசோதனையைக் கெடுபிடியாக்கியதும் இறுதிச் சுற்றே நடக்காமல் போய், அந்த வருடம் உலகச் சாம்பியன் பட்டம் யாருக்கும் இல்லை. விலங்குநல அமைப்பு ஒன்று ரகசியமாக எடுத்த வீடியோ 2012-இல் தொலைக்காட்சியில் வந்தது. அதில் சிக்கிய ஜாக்கி மெக்கானல் என்ற பிரபலப் பயிற்சியாளர் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 75,000 டாலர் அபராதமும் 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் கிடைத்தன, சிறை இல்லை. அதே 2012-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும் குதிரை மருத்துவர் சங்கமும் சேர்ந்து சங்கிலி, கட்டை இரண்டையும் தடைசெய்யச் சொன்னார்கள்.

சட்டத்தின் ஓட்டைகளை அடைக்கத்தான் பாஸ்ட் மசோதா. சோரிங் செய்வதையே குற்றமாக்கி, சங்கிலி கட்டைகளைத் தடைசெய்து, குதிரைத் துறை ஆட்களே பரிசோதிக்கிற வழக்கத்தை ஒழிக்கும். பிரதிநிதிகள் சபையில் 2019-இல் 333-க்கு 96 என்று நிறைவேறியது, 2022-இல் மறுபடியும் நிறைவேறியது, இரண்டு தடவையும் செனட்டில் படுத்துவிட்டது. விவசாயத் துறை 2024-இல் இவற்றில் சிலவற்றை விதிமுறையாகவே கொண்டுவந்தது, 2025 ஜனவரி கடைசியில் டெக்சாஸ் நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளைத் தூக்கிவிட்டது. வழக்குப் போட்டவர்களில் ஷெல்பிவில் போட்டியை நடத்துகிற சங்கமும் ஒன்று. உங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுதுவதைவிட உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கு எழுதுங்கள், முட்டுக்கட்டை அங்கேதான் இருக்கிறது. டென்னசி, கென்டகியில் இருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.