எவர்சில்வர் டப்பால ஒரு ஆர்எஃப் கேவிட்டி: க்யூ அளக்கறதுல இருந்து கையால ட்யூன் பண்றது வரைக்கும்

ஆக்சிலரேட்டர் (துகள் முடுக்கி) ஆர்எஃப் கன்ட்ரோல் பக்கம் வரணும்னு ஆசைப்படற பசங்க நிறைய பேர் நேரா எஃப்பிஜிஏ போர்டு (நாமே சர்க்யூட் எழுதிக்கற சிப்) வாங்கி கன்ட்ரோல் லூப் எழுத ஆரம்பிச்சிடறாங்க. லூப் அப்புறம் எழுதிக்கலாம், அந்த லூப் எதைப் பிடிச்சு நிறுத்தப் போகுதோ அந்த கேவிட்டியை, அதாவது ரேடியோ அலை உள்ள அதிர்ந்து நிக்கற உலோக டப்பாவை, முதல்ல கையால தொட்டுப் பாருங்க. நம்ம மும்பைல கொலாபா டிஐஎஃப்ஆர் (டாடா ஆராய்ச்சி நிறுவனம்)ல பெல்லட்ரான்ங்கற முடுக்கிக்கு அடுத்து இருக்கற லினாக் (நேர்கோட்டு முடுக்கி) 150 மெகாஹெர்ட்ஸ், ட்ராம்பே பாபா அணு ஆராய்ச்சி மையத்துல இருக்கற லெஹிபாங்கற புரோட்டான் முடுக்கி 352.21 மெகாஹெர்ட்ஸ், அதுல எல்லாம் படிக்கற பசங்களுக்கு கை வைக்க சான்ஸ் சுலபமா கிடைக்காது, ஆனா அங்க நடக்கற விஷயத்துல பாதியை ஒரு டப்பாவும் நேனோவிஎன்ஏவும் (கையடக்க ஆர்எஃப் அளவுக் கருவி) இருந்தா வீட்டுலயே பாத்துடலாம்.

டப்பா அகலமா, குள்ளமா இருக்கணும். 23 சென்டிமீட்டர் விட்டம், 12 சென்டிமீட்டர் உயரம்னு ஒண்ணு செம்பூர், மாட்டுங்கா பாத்திரக் கடைல தேடுங்க. கணக்கு ரொம்ப ஈஸி, 22.95ஐ சென்டிமீட்டர்ல இருக்கற விட்டத்தால வகுத்தா கிகாஹெர்ட்ஸ் வந்துடும், அதாவது 23 சென்டிமீட்டர் டப்பாக்கு கிட்டத்தட்ட 1 கிகாஹெர்ட்ஸ். இது டிஎம் 010 மோட் (மோட்னா டப்பாக்குள்ள புலம் அதிரற ஒரு விதம்), இதுக்கு உயரம் முக்கியமே இல்ல, ஆனா உயரம் விட்டத்தை தாண்டிப் போச்சுன்னா டிஇ 111னு வேற மோட் கீழ இறங்கி வந்து குழப்பும், அதான் குள்ளமா வாங்கச் சொன்னேன். டப்பா ஓரம் வளைஞ்சிருக்கறதால கணக்குல இருந்து கொஞ்சம் தள்ளித்தான் உக்காரும், பரவாயில்ல.

லாமிங்டன் ரோடுல எஸ்எம்ஏ பேனல் கனெக்டர் ரெண்டு வாங்குங்க, ஸ்க்ரூ போட்டு மாட்டற மாதிரி ஃப்ளேஞ்ச் இருக்கறதா. எவர்சில்வர்ல சாதாரண ஈயப்பத்து ஒட்டாது. பக்கச் சுவர்ல எதிரெதிரா ரெண்டையும் மாட்டி, உள்ள பின்னுல இருந்து 1 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கம்பி வளையம் செஞ்சு, இன்னொரு நுனியை ஃப்ளேஞ்ச் ஸ்க்ரூவோட நட்டுக்கு அடில இறுக்குங்க. வளையம் செங்குத்தா நிக்கணும், ஏன்னா இந்த மோட்ல காந்தப்புலம் சுவரை ஒட்டி வட்டமா ஓடுது, படுக்க வச்சா ஒண்ணுமே வராது.

மூடி விஷயத்துல சோம்பேறித்தனம் வேணாம். இந்த மோட்ல கரன்ட் மூடி மேல ஓடி, விளிம்பு வழியா சுவருக்கு இறங்குது, அந்த விளிம்புல இடைவெளி இருந்தா க்யூ (அதிர்வு எவ்வளவு கம்மி நஷ்டத்தோட நிக்குதுங்கற அளவு) அங்கயே செத்துடும். சுத்தியும் காப்பர் டேப் ஒட்டி அழுத்துங்க, ஒட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ, ஒட்டின பிறகு ஒரு தடவ அளந்து பாருங்க, நிஜ மெஷின்ல ஆர்எஃப் சீலுக்கு ஏன் அவ்வளவு பாடுபடறாங்கன்னு புரியும்.

இப்ப அளவு. நேனோவிஎன்ஏல எஸ்21 (ஒரு கனெக்டர்ல விட்ட சிக்னல் இன்னொண்ணுல எவ்வளவு வருதுங்கறது) பாருங்க, முதல்ல அகலமா ஸ்கேன் பண்ணி பீக்கை கண்டுபிடிச்சுட்டு, அப்புறம் 3 மெகாஹெர்ட்ஸ் ஸ்பானுக்கு குறுக்கி மறுபடி கேலிப்ரேட் பண்ணுங்க. பீக் -30 டிபி கிட்ட வர்ற மாதிரி வளையத்தை சின்னதாக்குங்க, அப்ப கேபிள் பக்கம் போற நஷ்டம் 3 சதவீதம்தான், -20 டிபினா 10 சதவீதத்துக்கு மேல போயிடும். பீக்ல இருந்து 3 டிபி இறங்கற ரெண்டு பாயின்ட்டுக்கு நடுவுல இருக்கற அகலத்தால ஃப்ரீக்வென்ஸியை வகுங்க, அதான் க்யூ. எவர்சில்வர்ல தியரிப்படி 4000க்கு மேல வரணும், மூடி ஜாயின்ட் இருக்கறதால 2000 வந்தாலே சந்தோஷப்படலாம். 2000னா அகலம் (பேண்ட்விட்த்) 500 கிலோஹெர்ட்ஸ், இந்த நம்பரை எழுதி வச்சுக்கோங்க, இனிமே எல்லாமே இதை வச்சுத்தான்.

அப்புறம் பீட் புல், அதாவது ஒரு உருண்டையை நூல்ல இழுத்து உள்ள ஃபீல்டைப் பாக்கறது. கனெக்டருக்கு குறுக்கால ரெண்டு சின்ன ஓட்டை போட்டு தூண்டில் நைலான் நூலை கோத்து, 1 சென்டிமீட்டர் அலுமினிய ஃபாயில் உருண்டையை அதுல கட்டி இழுங்க. நடுவுல வந்தா ஃப்ரீக்வென்ஸி சுமார் 600 கிலோஹெர்ட்ஸ் கீழ இறங்கும், சுவர் பக்கம் போனா லேசா மேல ஏறும், ஏன்னா நடுவுல மின்புலம் ஜாஸ்தி, ஓரத்துல காந்தப்புலம். ஆர்எஃப்க்யூ, டிடிஎல்னு லினாக்ல வர்ற கேவிட்டி எல்லாத்துலயும் பீம் விடறதுக்கு முன்னாடி ஃபீல்டு எப்படி பரவியிருக்குன்னு இப்படித்தான் பாக்கறாங்க.

இப்ப மும்பைக்காரங்களுக்கு ரொம்ப முக்கியமான விஷயம், காத்து. கேவிட்டி வேலை செய்யறது வாக்குவம்ல, நாம அளக்கறது காத்துல. 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் இருக்கற ஏசி ரூம்ல ஃப்ரீக்வென்ஸி வாக்குவத்தை விட 10 லட்சத்துக்கு சுமார் 325 பங்கு கம்மியா காட்டும், ஜூலை மாசம் 30 டிகிரி, 80 சதவீதம்னா அது 400 பங்கு. லெஹிபா மாதிரி 352.21 மெகாஹெர்ட்ஸ் கேவிட்டிக்கு 400 பங்குன்னா 140 கிலோஹெர்ட்ஸ், அதோட க்யூ 8000னு வச்சுக்கிட்டா பேண்ட்விட்த்தே 44 கிலோஹெர்ட்ஸ்தான், அதாவது மூணு பேண்ட்விட்த் தள்ளி நிக்கறீங்க! அதனால ஒவ்வொரு ரீடிங் பக்கத்துலயும் டெம்பரேச்சர், ஈரப்பதம் ரெண்டையும் எழுதாம நோட்டை மூடாதீங்க. உங்க டப்பாவை ஏசி ரூம்ல அளந்துட்டு அப்படியே பால்கனிக்கு கொண்டு போய் அரை மணி நேரம் கழிச்சு அளங்க, காத்து மாறினதுக்கு 75, எவர்சில்வர் விரியறதால டிகிரிக்கு 17 கிலோஹெர்ட்ஸ்னு 7 டிகிரிக்கு 120, மொத்தம் 200 கிலோஹெர்ட்ஸ் கிட்ட இறங்கியிருக்கும்.

கடைசியா ட்யூனர். மூடி நடுவுல எம்8 போல்ட் ஒண்ணு நட்டோட மாட்டி, உள்ள கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்கற மாதிரி வைங்க. போல்ட் இருக்கும்போது ரெசனன்ஸ் எங்கன்னு புதுசா அளந்து, நேனோவிஎன்ஏவை அந்த ஒரே ஃப்ரீக்வென்ஸில நிறுத்தி எஸ்21 ஃபேஸை குறிச்சுக்கோங்க. ஹேர் ட்ரையரால டப்பாவை 15 டிகிரி சூடாக்கினா 250 கிலோஹெர்ட்ஸ் விலகும், பேண்ட்விட்த்ல அது சரிபாதி, அதனால ஃபேஸ் 45 டிகிரி திரும்பும். போல்ட்டை வெளிய இழுத்து ஃபேஸை பழைய இடத்துக்கு கொண்டு வாங்க. நடுவுல உலோகம் நுழைஞ்சா ஃப்ரீக்வென்ஸி இறங்கும், வெளிய வந்தா ஏறும், அதான் முதல்லயே நீட்டி வைக்கச் சொன்னது.

ஏன் ஃபேஸ், ஆம்ப்ளிட்யூடை பாத்து பண்ணக் கூடாதான்னு கேப்பீங்க. ஃபேஸ் 10 டிகிரி விலகினாலும் ஆம்ப்ளிட்யூட் 1.5 சதவீதம்தான் குறையும், அதுவும் எந்தப் பக்கம் விலகிச்சுன்னு சொல்லாது. ஃபேஸ் பக்கத்தையும் சொல்லும், ரெசனன்ஸ்லதான் அது ரொம்ப செங்குத்தாவும் மாறும். பெரிய மெஷின்லயும் இதே கதைதான், உள்ள போற ஃபார்வர்டு சிக்னலோட ஃபேஸையும் கேவிட்டி பிக்கப்போட ஃபேஸையும் ஒப்பிட்டு மோட்டாரையோ கூலிங் வாட்டரையோ நகர்த்தறாங்க. 352.21 மெகாஹெர்ட்ஸ்ல 1 டிகிரின்னா 8 பிக்கோசெகண்ட், அவ்வளவு நுணுக்கமா பீம் வர்ற நேரத்தோட ஃபீல்டு பொருந்தணும்.

கையால நல்லா பழகின பிறகு போல்ட்டுக்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டார் மாட்டி, யூஎஸ்பி வழியா ஃபேஸை படிச்சு பைத்தான்ல திருப்ப விடுங்க. 5 டிகிரிக்குள்ள இருந்தா மோட்டார் அசையாத மாதிரி எழுதுங்க, இல்லாட்டி நாய்ஸுக்கெல்லாம் முன்னும் பின்னும் ஆடி நட்டு மரையே தேஞ்சு போயிடும்.