எகிப்து கல்லறை ஓவியத்துல யாரு முதலாளி, யாரு கூலிக்காரன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

ஸ்கூல் புக்ல ஒரு முக்கோணம் போட்டு மேல ஃபாரோ (அதாவது ராஜா), நடுவுல பூசாரி, அடில விவசாயின்னு எழுதியிருப்பாங்கல்ல, அதை கொஞ்சம் ஓரமா வச்சுருங்க. எகிப்துல லக்சர்ங்கிற ஊர்ல, நைல் நதியோட மேற்குக் கரைல மென்னான்னு ஒருத்தரோட கல்லறை இருக்கு, சுமார் 3400 வருஷம் பழசு. அந்த வயல் ஓவியத்தை நெட்ல தேடி நல்லா ஜூம் பண்ணி வச்சுக்கோங்க, அதை வச்சே பழகிக்கலாம்.

முதல்ல ஆளோட சைஸைப் பாருங்க. கிட்ட இருக்கறவன் பெருசு தூரத்துல இருக்கறவன் சின்னதுன்னு எல்லாம் அவங்க வரையல, அந்தஸ்து பெருசுன்னா உருவமும் பெருசு, அவ்ளோதான். அதனால பெருசா நிக்கிறவர் மென்னா, வரிசை வரிசையா குட்டியா இருக்கறவங்க எல்லாம் அவருக்குக் கீழ வேலை பாக்குறவங்க. ஆனா கலரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, ஆம்பளைன்னா செங்கல் நிறம், பொம்பளைன்னா மஞ்சள், அது ஓவிய வழக்கம், அதுக்கும் அந்தஸ்துக்கும் சம்பந்தம் இல்ல.

அடுத்து துணி. உள்ள தெரியுற மாதிரி மெல்லிசா மடிப்பு வச்ச லினன் போட்டிருந்தா வசதியான ஆளு, இடுப்புல சின்னத் துண்டு மட்டும்னா உடம்பால உழைக்கிறவன். சில விவசாயிங்களை வழுக்கை, தாடி முள்ளு எல்லாம் அப்படியே தெரிய வரைஞ்சிருப்பாங்க, பெரிய மனுஷனை அப்படி வரைய யாருக்கு தைரியம் வரும்! தொப்பை மடிப்பு விழுந்த சிலையைப் பாத்தா சிரிக்காதீங்க, உக்காந்து சாப்பிடுற வசதி இருந்துச்சுன்னு காட்டிக்கிற பெருமை அது.

அப்புறம் கைல என்ன இருக்குன்னு பாருங்க. கறுப்பு சிவப்பு ரெண்டு மை வச்ச நீளப் பலகைன்னா எழுத்தர், இவங்கதான் அங்க உண்மையான பவர். மென்னாவே வயல் கணக்கு எழுத்தர்தான், ஓவியத்துல கயிறு புடிச்சு வயலை அளக்குறாங்கல்ல, அது வரி போடறதுக்கு, வரி கட்டாதவனை அடிக்கிற காட்சியும் அதுலயே இருக்கு. உடம்புல சிறுத்தைத் தோல்னா பூசாரி, ஆனா நிறைய பூசாரிங்க நாலு மாசத்துக்கு ஒரு மாசம்தான் கோயில் வேலை, மீதி நாள் சொந்த வேலை, முக்கோணத்துல இதெல்லாம் வராது.

முக்கியமான விஷயம், இந்த ஓவியத்துக்கு காசு குடுத்தது முதலாளி, அதனால வேலைக்காரன் எப்பவும் ஒழுங்கா வேலை செய்வான். ஆனாலும் மென்னா கல்லறைல ஒரு ஓரமா ரெண்டு பொண்ணுங்க முடியைப் புடிச்சு சண்டை போடுதுங்க, இன்னொருத்தி தோழி கால்ல குத்துன முள்ளை எடுக்குறா, எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் புடிக்கும்.

சாதாரண ஆளுங்க கதை வேணும்னா டெய்ர் எல் மெதினாவுக்குப் போங்க, அரசர் கல்லறைகளை வெட்டுன தொழிலாளிங்க ஊர் அது. சம்பளம் காசு இல்ல, மாசா மாசம் கோதுமையும் பார்லியும், பத்து நாள்தான் ஒரு வாரம். மூணாம் ராம்சேஸ் ராஜாவோட ஆட்சில 29வது வருஷம் தானியம் வராம போனப்ப, பசிக்குதுன்னு கருவியைப் போட்டுட்டு கோயில் பின்னாடி போய் உக்காந்துட்டாங்க, ஸ்ட்ரைக்! அதே ஊர்ல நவுனக்தேன்னு ஒரு அம்மா, வயசான காலத்துல தன்னைப் பாத்துக்காத பிள்ளைங்களுக்கு என் சொத்துல பங்கு கிடையாதுன்னு உயிலே எழுதிட்டாங்க, பொம்பளைங்க பேர்ல சொத்து இருந்ததுக்கு இதைவிட என்ன ஆதாரம் வேணும்.

இன்னும் ஆசை இருந்தா பிரிட்டிஷ் மியூசியம்ல இருக்கிற அந்த ஊரோட லீவு கணக்குக் கல்லைத் தேடிப் பாருங்க, ரெண்டாம் ராம்சேஸோட 40வது வருஷத்தது. 40 பேர் பேரு, எந்தெந்த நாள் வரலன்னு கறுப்பு மைல, காரணம் மேல சிவப்பு மைல இருக்கும்: உடம்பு சரியில்ல, தேள் கடிச்சிருச்சு, பியர் காய்ச்சப் போயிட்டான்.